கதையும் கணக்கும்



சென்ற ஞாயிறு மாலை கள்ளிக்காட்டில் அன்பர் ஒருவர் இல்லத்துத் திண்ணையில் அமர்ந்திருந்தோம். நெய்யாற்றுப் பக்கமிருந்து குளிர்காற்று வீசியது. உள்ளே அண்ணனுக்கும் தங்கைக்கும் பெரும் வழக்கு. காரணம், பிரெஞ்சு ஆசிரியர் ஜூல் வெர்ன் 1865-இல் எழுதிய சந்திர யாத்திரைக் கதை. அதில் 900 அடி நீளப் பீரங்கியால், குண்டினுள் மூவரை வைத்து விண்ணுக்குச் சுடுகிறார்கள்.

"அண்ணா, வெடித்த கணமே மூவரும் நசுங்கியிருப்பார்களே!" என்பது தங்கையின் கேள்வி. "கதையில் கணக்குப் பார்க்காதே" என்பது அண்ணனின் தீர்ப்பு. தந்தையாரும் அவன் பக்கமே சாய்ந்தார்.

நமக்கோ தங்கையின் கட்சியே சரியெனப்பட்டது. பூமியின் ஈர்ப்பை மீற விநாடிக்கு ஏறக்குறைய 11 கிலோமீட்டர் வேகம் வேண்டும். அதனை 900 அடிக்குள் எய்துவதாயின், உள்ளிருப்போரை அவர்தம் எடையைப்போல் இருபதாயிரம் மடங்குக்கு மேற்பட்ட சுமை அழுத்தும். வெர்ன் அமைத்த தண்ணீர் மெத்தை என் செய்யும்? ரஷ்ய அறிஞர் சியால்கோவ்ஸ்கி இக்கதையால் கவரப்பட்டவரே. ஆயினும் பீரங்கி உதவாதெனக் கணக்கிட்டு, படிப்படியாக வேகம் கூட்டும் ராக்கெட்டை ஆராய்ந்தார். பிழை கண்டமையால் கதை சிறுமையுறவில்லை. ஒரு விஞ்ஞானமே வளர்ந்தது. 1963 நவம்பர் 21 அன்று நம் மாவட்டத்துத் தும்பாவிலிருந்தும் ராக்கெட் எழுந்தது.

மற்றொன்றும் கேளுங்கள். அமெரிக்க ஆசிரியர் லாரி நிவன், விண்மீனொன்றைச் சூழ்ந்த வளைய உலகைப் பற்றி 1970-இல் 'ரிங்வேர்ல்ட்' என்னும் நாவல் எழுதினார். மறு ஆண்டு பாஸ்டனில் நடந்த விஞ்ஞானக் கதை அன்பர் மாநாட்டில், அவ்வளையம் நிலைகொள்ளாது என்று மாணவர்கள் முழக்கமிட்டனர். சற்றே விலகினும் மேன்மேலும் விலகி விண்மீனில் மோதும் என்பது அவர்கள் கணக்கு. நிவன் சினங்கொள்ளவில்லை. வளையத்தை நிறுத்தும் பொறிகள் இருந்தன என்றும், பெரும்பாலானவற்றைக் கழற்றிவிட்டதால் அது தடுமாறுகிறது என்றும் அடுத்த நாவலைப் புனைந்தார். வாசகரின் குற்றச்சாட்டே கதைக்கு வித்தாயிற்று!

நம் பிள்ளைகள் பள்ளியில் மலையாளமும் ஆங்கிலமும் பயில்கின்றனர். அன்று அப்பெண் வழக்காடியதோ தமிழில். வேகமும் எடையும் ஈர்ப்பும் அவள் நாவில் தமிழாகவே வந்தன. "கதைதானே" என்று அவள் வாயை அடைத்தால், கேள்வியோடு வீட்டுத் தமிழும் அடங்கிவிடும் அல்லவா? பிறகு சங்கத்தில் மொழிவிழா எடுத்து யாது பயன்?

இதனைத் தந்தையாரிடம் சொன்னோம். நாம் விடைபெறும் வேளையில் அவர் மகளை அழைத்து, "அந்தக் கணக்கை எனக்கும் போட்டுக் காட்டம்மா" என்றார்.