பிறந்தவுடன் அழாத பிள்ளை



“பிறந்தவுடன் அழவில்லை, சாமி, இப்போது நன்றாகப் பால் குடிக்கிறான்” என்று நம் புதுக்கோட்டைப் பகுதித் தாய்மார் கூறுவதுண்டு. மகிழ்ச்சியே. ஆயினும் அப்பிள்ளையின் அசைவுகளையும் நோக்குதல் வேண்டும். பிறப்பில் மூச்சுத் திணறிய குழந்தையின் மூளை நலத்தை அவ்வசைவுகள் உணர்த்தும் என்பதை, ஆஸ்திரியாவின் கிராஸ் நகரில் பணியாற்றிய பேராசிரியர் ஹைன்ஸ் பிரெக்டல் ஆராய்ந்து நிறுவினார். மூன்று முதல் ஐந்து மாதம் வரை, விழித்து மல்லாந்து கிடக்கும் குழந்தையின் கழுத்திலும் கைகால்களிலும் சிறு நெளிவுகள் தொடர்ந்து தோன்றும். அவை அறவே இல்லையேல், பிற்காலத்தில் மூளை முடக்குவாதம் வரலாமென மருத்துவர் ஐயுறுவர். பயிற்சி பெற்றவர் சில நிமிடப் படப்பதிவைக் கண்டே கணிப்பார், ஊசியில்லை, வலியில்லை.

“ஒரு வயது ஆகட்டும்” என்னும் பாட்டிமாரின் ஆறுதலில், பயிற்சிக்குரிய நல்ல மாதங்கள் கழிந்துவிடுகின்றன. 2013இல் தொடங்கிய தேசிய சிறார் நலத் திட்டத்தின்கீழ் மாவட்ட இடையீட்டு சேவை மையங்கள் அமைக்கப்பட்டுள்ளன. மூன்றாம் மாதத்திலேயே மகப்பேற்று மருத்துவமனைச் சீட்டுடன் அங்குச் சென்று கேளுங்கள்.