உறுதியில் எழுதாத உரிமை

திருகோணமலையில் ஒரு துண்டு வளவு வாங்கினாலும் நொத்தாரிசு உறுதியில் நான்கு எல்லைகளையும் எழுதியதோடு நிறுத்தமாட்டார். வீடு, கிணற்றுப் பங்கு, வான்பயிர், வழி வாய்க்கால் என்று ஒவ்வொன்றாகச் சேர்ப்பார். வழியை எழுதாமல் விட்டால் நாளைக்கு அயலவர் ஒழுங்கையை அடைத்து வேலி போடுவார். அதனால்தான் படிக்காத பாட்டியும் "கிணத்துப் பங்கை எழுதினதோ?" என்று கேட்டுவிட்டுத்தான் கைநாட்டு வைப்பார்.

பெரிய சொத்துக்கும் இதே வழக்கம்தான். சீனன்குடாவில் பிரித்தானியக் கடற்படை கட்டிய எண்ணெய்க் குதங்களில் 99 இன்றும் நிற்கின்றன. 2022 சனவரியில் அவற்றை ஒவ்வொன்றாக எண்ணிப் பிரித்தார்கள். லங்கா ஐ.ஓ.சி.க்கு 14, பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு 24, இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு 61. அந்தக் கூட்டுக் கம்பனியில் யாருக்கு 51 வீதம், யாருக்கு 49 வீதம் என்பதும் முடிவாயிற்று. குத்தகைக் காலம் 50 ஆண்டுகள். துருப்பிடித்த தாங்கியும் கணக்கில் தவறவில்லை.

தாங்கியை எண்ணுவது போல உழைத்தவனின் வருடங்களையும் எண்ணுகிறார்களா என்பதே எமது கேள்வி.

தோட்டத் தொழிலாளிக்கு இந்தக் கேள்வி புதிதல்ல. ஒரு காலத்தில் 'துண்டு' முறை இருந்தது. தொழிலாளி பட்ட கடனை ஒரு துண்டில் எழுதுவார்கள். அந்தக் கடனைத் தீர்க்கும் துரையின் தோட்டத்துக்கு அவர் போகவேண்டும். கடன் கைமாறும்போது ஆளும் கைமாறினார். அந்த முறை 1921 இல் சட்டத்தால் ஒழிக்கப்பட்டது. எமது பாட்டன்மாரின் கடன் தோட்டம் விட்டுத் தோட்டம் தவறாமல் போய்ச் சேர்ந்தது. எமது சேவைக்காலம் மட்டும் ஏன் வழியில் தொலைகிறது?

1946 இல் கேகாலை மாவட்டத்து நேவ்ஸ்மியர் தோட்டத்தை அரசாங்கம் கிராம விஸ்தரிப்புக்காக எடுத்தது. காணியும் மரமும் அரசாங்கத்துக்குப் போயின. அங்கே வேலை செய்த நூற்றுக்கணக்கான தொழிலாளருக்குக் கிடைத்தது வெளியேறும்படி அறிவித்தல். அவர்களுக்காக ஒரு லட்சத்துக்கும் மேற்பட்ட தோட்டத் தொழிலாளர் வேலைநிறுத்தம் செய்தார்கள். அறிவித்தலுக்குப் பின்னும் தோட்டத்துக் குடியிருப்பைவிட்டு வெளியேறாத ஒரு தொழிலாளியின் வழக்கு லண்டன் பிரிவி கவுன்சில் வரை போனது. எனக்கு உரிமை உண்டு என்று நம்பி ஒருவர் தன் வீட்டில் இருப்பது குற்றவியல் அத்துமீறல் ஆகாது என்று 1950 இல் தீர்ப்பு வந்தது. அந்தத் தீர்ப்பு சிறையிலிருந்து காத்தது. ஆனால் காம்பராவுக்கு உறுதி தரவில்லை.

1972, 1975 காணிச் சீர்திருத்தங்களில் தோட்டங்கள் அரசாங்கத்தின் கைக்கு மாறின. அந்தக் கைமாற்றத்தில் வேலையும் வீடும் இழந்து வடக்கு கிழக்குக்கு வந்த குடும்பங்கள் பல. இந்த மடலைத் திருகோணமலையில் வாசிப்பவர்களில் சிலர் அந்தக் குடும்பங்களின் பிள்ளைகளே. பின்னர் 1992 இல் அரசுத் தோட்டங்கள் 22 பெருந்தோட்டக் கம்பனிகளிடம் முகாமைக்குப் போயின. சில ஆண்டுகளில் அது நீண்டகாலக் குத்தகையாகி, 2045 வரை எழுதப்பட்டது. அரசாங்கம் தனக்கென ஒரு 'தங்கப் பங்கை' வைத்துக்கொண்டது. அதனால் அரசின் சம்மதம் இல்லாமல் கம்பனி காணியைப் பிறருக்குக் கீழ்க்குத்தகைக்கு விடமுடியாது. காணிக்கு அந்தப் பாதுகாப்பு உண்டு. காணியில் குடியிருப்பவரின் சம்மதத்தைக் கேட்கும் வாசகம் எங்கே?

இதனால் வரும் நட்டம் என்ன? 1983 ஆம் ஆண்டின் பணிக்கொடைச் சட்டத்தின்படி, 15 அல்லது அதற்கு மேற்பட்டோர் வேலை செய்யும் இடத்தில் ஐந்து வருடம் பூர்த்தி செய்த நாட்சம்பளத் தொழிலாளிக்கு வருடத்துக்கு 14 நாள் சம்பளம் உண்டு. பழைய நிர்வாகத்தில் நான்கு வருடம், புதிய நிர்வாகத்தில் நான்கு வருடம் வேலை செய்த ஒரு பெண்ணை எடுத்துக்கொள்வோம். சேவை தொடர்ந்தது என்று கணக்கிட்டால் எட்டு வருடம், 112 நாள் சம்பளம். அறுந்தது என்று கணக்கிட்டால் இரண்டு பக்கமும் ஐந்து வருடம் இல்லை. அவருக்குச் சல்லிக்காசும் இல்லை. கொழுந்து பறித்த கை ஒன்றுதான். பலகையில் கம்பனியின் பெயர் மட்டுமே மாறியது.

இந்தியாவில் 1947 ஆம் ஆண்டுக் கைத்தொழில் பிணக்குகள் சட்டத்திலேயே இதற்கு ஒரு பிரிவு சேர்த்தார்கள். நிறுவனம் கைமாறும்போது சேவை அறாமல், நிபந்தனை குறையாமல் தொடரவேண்டும். இல்லையேல் நட்டஈடு கொடுக்கவேண்டும். எமது நாட்டில் எல்லாத் தொழிலுக்கும் பொதுவான அப்படியொரு சட்டம் இல்லை. அது வரும்வரை ஒப்பந்தத்தில் எழுதிவாங்குவதே எமக்குக் காவல்.

ஆகவே தோட்டமோ தொழிற்சாலையோ துறைமுகத்துக் களஞ்சியமோ கைமாறும்போது நாம் கேட்பது நான்கு.

ஒன்று, ஒவ்வொரு தொழிலாளியின் பெயரும் சேர்ந்த திகதியும் கைமாற்ற ஒப்பந்தத்தின் அட்டவணையில் இருக்கவேண்டும். இரண்டு, சேமலாப நிதி, நம்பிக்கை நிதி, பணிக்கொடை நிலுவையை யார் கட்டுவது என்று அதில் எழுதவேண்டும். மூன்று, குடியிருக்கும் வீடு, தண்ணீர், பாதை, கோயில், மயானம் ஆகியவற்றின் பாவனை உரிமை தொடரவேண்டும். நான்கு, கையொப்பத்துக்கு முன்னர் தொழிற்சங்கம் அந்த அட்டவணையைப் பார்க்கவேண்டும்.

தோழர்கள் இன்றே செய்யக்கூடியதும் உண்டு. சம்பளச் சிட்டையைக் கசக்கி எறியாதீர்கள். சேமலாப நிதி 'பி' கார்ட்டில் பெயரும் அடையாள அட்டை இலக்கமும் சரியா என்று பாருங்கள். உங்கள் 8 வீதமும் தொழில் கொள்வோரின் 12 வீதமும் கட்டப்படுகிறதா என்று தொழில் அலுவலகத்தில் விசாரியுங்கள். புதிய நிர்வாகம் புதிய நியமனக் கடிதம் நீட்டினால், பழைய சேவைக்காலம் அதில் உண்டா என்று பார்க்கும்வரை கையொப்பம் வைக்காதீர்கள். சங்கக் கிளைக்குக் கொண்டுவாருங்கள். சேர்ந்து வாசிப்போம்.

கிணற்றுப் பங்கைக் கேட்காமல் எங்கள் பாட்டி கைநாட்டு வைத்ததில்லை. நாங்களும் வைக்கக்கூடாது.