காலமறிந்து எடுக்கும் படம்

வயல் செய்யும் வன்னி மக்களுக்குக் களையைப் பற்றி நாம் கற்பிக்க வேண்டியதில்லை. முளைத்துச் சில நாட்களேயான களை நெற்பயிரைப் போலவே நின்று கண்ணை ஏமாற்றும். கதிர் தள்ளிய பின்னரோ வரம்பில் நின்றே அதனைக் காணலாம்; ஆனால் அதற்குள் விதை உதிரத் தொடங்கிவிடும். இவ்விரண்டுக்கும் இடையே களையெடுக்கும் பருவம் ஒன்றுண்டு. புற்றுநோய் வைத்தியத்திலும் அத்தகையதொரு பருவம் உண்டென்பதே இவ்வாரம் நாம் எடுத்துக்கொண்ட பொருள்.

ஆண்களின் சிறுநீர்ப்பைக்குக் கீழே முன்னிற்கும் சுரப்பி என ஒன்றுளது. புரொஸ்டேட் என்று பலரும் கூறுவது இதனையே. முதுமையில் இச்சுரப்பியைப் புற்றுநோய் பற்றுவதுண்டு. சத்திரசிகிச்சையாலோ கதிர்வீச்சாலோ சுகம் பெற்றவர்களுள் ஒரு பகுதியினருக்குச் சில ஆண்டுகளின் பின் நோய் மீளவும் தலைகாட்டுகின்றது. அப்போது பெரும்பாலும் வலியுமில்லை, வீக்கமுமில்லை. இரத்தத்திலே பி.எஸ்.ஏ. என்னும் புரதம் மெல்ல உயர்வதே முதல் அறிகுறி. சுரப்பி அகற்றப்பட்டவரிடத்து அவ்வளவு மில்லிலீற்றருக்கு 0.2 நனோகிராமை எட்டி, மறுபரிசோதனையிலும் அது உறுதிப்படின், நோய் மீண்டதென வைத்தியர்கள் கொள்வர். கதிர்வீச்சுப் பெற்றவரிடத்து, முன்பு இறங்கிநின்ற அதிகுறைந்த அளவுக்கு மேல் 2 நனோகிராம் ஏறுவதே அடையாளம்.

நோய் மீண்டது என்பதை இரத்தம் கூறும். எங்கே மீண்டது என்பதைக் கூறாது. அதனை அறியவே பெட் ஸ்கேன் உதவுகின்றது. இந்நோயின் அணுக்களிலே பி.எஸ்.எம்.ஏ. என்னும் புரதம் மிகுந்திருக்கும். அதனைத் தேடிச்சென்று பற்றும் மருந்தொன்றிலே சிறிதளவு கதிரியக்கப் பொருளைச் சேர்த்து ஊசி மூலம் ஏற்றுவர். மருந்து தங்கிய இடம் படத்தில் விளக்கேற்றினாற்போல் ஒளிரும். 2020 டிசெம்பரில் அமெரிக்க அரசின் மருந்துக் கட்டுப்பாட்டு நிலையம் இவ்வகை மருந்தொன்றை முதன்முதலாக அங்கீகரித்தது.

இனி, எப்போது படம் எடுப்பது? 2019இல் வெளியான ஓர் ஆய்வில், நோய் மீண்ட 635 பேரை இம்முறையிற் பரிசோதித்தார்கள். பி.எஸ்.ஏ. 0.5க்குக் குறைந்தவர்களுள் 100க்கு 38 பேரிடத்தே நோயின் இருப்பிடம் தென்பட்டது. 0.5 முதல் 1 வரையில் 57 பேர். 1 முதல் 2 வரையில் 84 பேர். 5க்கு மேற்பட்டவர்களில் 97 பேர்.

இக்கணக்கைக் காண்போர், “அப்படியாயின் 5 ஆகும்வரை பொறுத்திருந்து, படம் நன்கு தெளிந்தபின் செல்வோமே” என்று எண்ணக்கூடும். அங்கேதான் ஆபத்து இருக்கின்றது. சுரப்பி அகற்றப்பட்டவருக்கு நோய் மீண்டபோது அளிக்கும் கதிர்வீச்சு, பி.எஸ்.ஏ. 0.5ஐத் தாண்டுமுன் தொடங்கினாலே மிகுந்த பயன் தரும். தெளிவான படத்துக்காகக் காத்திருப்பவர், குணமடையும் வாய்ப்பை இழந்தபின் தெளிவைப் பெறுகின்றார். மறுபுறம், 0.2ஐயும் எட்டாத வேளையில் அவசரப்பட்டு எடுக்கும் படம் பெரும்பாலும் வெறுமையாகவே வரும். ஆகவே, நோய் மீண்டது உறுதியானதும், படத்தின் முடிவு வைத்தியமுறையை மாற்றக்கூடுமாயின் தாமதியாது எடுத்தலே நன்று. வெறுமையான படத்தை நோயின்மைக்குச் சான்றாகக் கொள்ளலாகாது. அதனைக் காரணங்காட்டிக் கதிர்வீச்சைத் தள்ளிப்போடுதலும் ஆகாது.

கிளிநொச்சியிலும் முல்லைத்தீவிலும் வவுனியாவிலும் வாழ்வோருக்கு இவ்விடயம் மேலும் முக்கியமானது. பெட் ஸ்கேனுக்காகக் கொழும்புப் பக்கம் செல்வதென்றால் புகையிரதச் செலவு, தங்குமிடம், துணைக்கு ஒருவர், இழந்த நாட்கூலி என யாவற்றையும் கணக்கிடவேண்டும். காலந்தவறிய பயணம் இருமுறை செலவு வைக்கும். புற்றுநோய் வைத்தியம் அண்மையில் கிடைக்கவேண்டுமென்னும் எண்ணம் இந்நாட்டு மக்களுக்கு இல்லாமலில்லை. 2011இல் தெல்லிப்பழை புற்றுநோய் வைத்தியசாலைக்கு நிதி திரட்டத் தெவிநுவரையிலிருந்து பருத்தித்துறை வரை 27 நாட்கள் நடந்தவர்கள், இவ்வன்னி மண்ணைக் கடந்தே சென்றார்கள். 2016இல் மகரகமை வைத்தியசாலைக்குப் பெட் கருவி வாங்கவெனக் கதீஜா மன்றம் கைநீட்டியபோது, இன மத பேதமின்றி மக்கள் அள்ளிக் கொடுத்தார்கள். கருவிக்குப் பணம் கொடுக்கப் பலர் முன்வருவர். காலத்தை அறிந்துகொள்வதோ நோயாளியின் வீட்டாரது பொறுப்பாகும்.

ஆதலின் வீட்டாருக்கு நாம் கூறுவது இது: பி.எஸ்.ஏ. பரிசோதனைத் துண்டுகள் அனைத்தையும் திகதி வாரியாக ஒரு கொப்பியில் ஒட்டி வையுங்கள். அளவு எவ்வளவு என்பதுபோலவே, அது எத்தனை மாதத்தில் இருமடங்காயிற்று என்பதும் வைத்தியருக்கு வேண்டும். ஓமோன் ஊசி ஏற்றத் தொடங்கியிருப்பின் படத்தில் நோய் மங்கித் தோன்றவுங்கூடும். எனவே எது முந்தி, எது பிந்தி என்பதைக் கேட்டறியுங்கள். எல்லாவற்றுக்கும் மேலாக, “ஐயா, இப்படத்தின் முடிவால் வைத்தியம் மாறுமா?” என்று வினவத் தயங்காதீர்கள். மாறுமென்றால் அன்றைக்கே பயணத்துக்கு ஆயத்தமாகுங்கள். மாறாதென்றால் பணத்தைப் பத்திரப்படுத்தி, அவர் சொன்ன வைத்தியத்தைத் தொடங்குங்கள்.

இந்நோயைப் பற்றி வாய்திறக்க ஆடவர் பலர் கூசுவர். அக்கூச்சமே பருவம் தவறுவதற்கு முதற் காரணமாகின்றது. வயலிற் களை கண்டால் அயலாரை அழைக்க நாணாதவர்கள், உடலுக்குள் முளைப்பதைப் பற்றி மனைவி மக்களிடமேனும் பேச ஏன் நாணவேண்டும்?