வீட்டுக்கடன்: வட்டி குறைந்தது, வருஷம் குறையுமா?

வீட்டுக்கடன் வாங்கியவர்களுக்கு 2025-ம் ஆண்டு நல்ல ஆண்டு. அந்த ஒரே ஆண்டில் ரிசர்வ் பாங்கு தனது ரெப்போ வட்டியை நான்கு முறை குறைத்தது. பிப்ரவரியில் கால் சதவீதம், ஏப்ரலில் கால், ஜூனில் அரை, டிசம்பரில் மறுபடியும் கால். ஆண்டுத் தொடக்கத்தில் ஆறரை சதவீதமாக இருந்தது, முடிவில் ஐந்தேகால் சதவீதமாக இறங்கிவிட்டது.

பாங்குகள் ரிசர்வ் பாங்கிடம் குறுகிய காலக் கைமாற்று வாங்கும்போது கொடுக்கிற வட்டிதான் ரெப்போ. இதற்கும் அம்பத்தூரிலோ ஆரப்பாளையத்திலோ வீடு வாங்கியவருக்கும் என்ன சம்பந்தம் என்று கேட்கலாம். சம்பந்தம் உண்டு. 2019 அக்டோபர் முதல் தேதியிலிருந்து பாங்குகள் கொடுக்கும் மாறும் வட்டி வீட்டுக்கடன்கள், ரெப்போவைப் போன்ற ஒரு வெளி அளவுகோலுடன் கட்டப்பட்டிருக்க வேண்டும். மூன்று மாதத்துக்கு ஒரு முறையாவது வட்டியைத் திருத்தவும் வேண்டும். ஆகவே, ரெப்போவுடன் இணைந்த கடன்களில், குறைந்த ஒன்றேகால் சதவீதமும் கடன் வாங்கியவர் வீட்டு வாசலுக்கே வந்து சேர்ந்தது.

வந்த லாபத்தை என்ன செய்வது என்பதுதான் கேள்வி. மாதத் தவணையைக் குறைத்துக்கொள்வதா? தவணையை அப்படியே வைத்துக்கொண்டு வருஷங்களைக் குறைப்பதா?

1,811 ரூபாய்

ஓர் உதாரணம் பார்க்கலாம். ஒருவருக்கு வயது 45. வீட்டுக்கடனில் 25 லட்சம் ரூபாய் நிற்கிறது. பாக்கிக் காலம் 15 வருஷம். 2025 தொடக்கத்தில் அவர் கொடுத்த வட்டி எட்டேமுக்கால் சதவீதம். மாதத் தவணை 24,986 ரூபாய். ரெப்போ குறைந்ததால் அவருடைய வட்டி ஏழரை சதவீதமாகிறது. அதே 15 வருஷத்துக்குக் கணக்குப் போட்டால் புதிய தவணை 23,175 ரூபாய். மாதம் 1,811 ரூபாய் மிச்சம்.

இந்த மிச்சம் குடும்பச் செலவில் கரைய ஒரு மாதம் கூட ஆகாது. பால், பள்ளிக்கூட வேன், மின்சாரக் கட்டணம் என்று அது போன இடம் தெரியாமல் போய்விடும். அப்படிச் செய்கிற குடும்பத்தைக் குறை சொல்வதற்கில்லை; செலவு இருக்கத்தான் செய்கிறது.

ஆனால் அவர் பழைய தவணையையே தொடர்ந்து கட்டினால், 180 மாதத்தில் தீர வேண்டிய கடன் 158 மாதத்தில் தீர்ந்துவிடும். ஒரு வருஷம் பத்து மாதம் லாபம். வட்டியில் மிச்சப்படுவது சுமார் 2 லட்சத்து 34 ஆயிரம் ரூபாய். இதற்காக அவர் புதிதாக ஒரு ரூபாய் கூடத் தேட வேண்டியதில்லை. ஏற்கனவே கட்டிப் பழகிய தொகைதான்.

பணத்தை விட இங்கே முக்கியமானது வயது. தனியார் நிறுவனங்கள் பலவற்றில் 58 வயதில் ஓய்வு கொடுத்து அனுப்பிவிடுகிறார்கள். தவணையைக் குறைத்துக்கொண்டவருக்கு 60 வயது வரை கடன் இருக்கும். சம்பளம் நின்ற பிறகு இரண்டு வருஷம் தவணை கட்ட வேண்டும்; அதாவது பிராவிடண்டு பண்டில் கைவைக்க வேண்டும். பழைய தவணையைத் தொடர்ந்தவருக்கு 58 வயது 2 மாதத்தில் கடன் முடிகிறது. அதோடு மாதம் 500 ரூபாய் மட்டும் கூட்டிக் கட்டினால் 57 வயது 9 மாதத்திலேயே முடிந்துவிடும். கடைசிச் சம்பளம் வாங்கும் நாளில் வீட்டுப் பத்திரம் பாங்கின் பெட்டகத்தில் இருக்குமா, சொந்த அலமாரியில் இருக்குமா என்பதை இந்த 500 ரூபாயே முடிவு செய்துவிடுகிறது.

முதல் வருஷங்களின் மர்மம்

சிறு தொகைக்கு இவ்வளவு சக்தி எப்படி வருகிறது? தவணை எவ்வாறு பிரிகிறது என்பதைப் பார்த்தால் விளங்கும்.

30 லட்சம் ரூபாய்க் கடன், ஏழரை சதவீத வட்டி, 20 வருஷம் என்று வைத்துக்கொண்டால் மாதத் தவணை 24,168 ரூபாய். முதல் மாதம் கட்டுகிற தவணையில் 18,750 ரூபாய் வட்டிக்கே போய்விடுகிறது. அசலில் கழிவது 5,418 ரூபாய்தான். அசல் மெதுவாகக் குறையக் குறைய வட்டியும் குறைந்து, அசலுக்குப் போகும் பங்கு கூடும். ஆனால் அது ஆமை வேகத்தில்தான் நடக்கிறது. 20 வருஷக் கடனில் பத்தாவது வருஷம் பாதிக் கடன் தீர்ந்திருக்கும் என்றுதான் யாரும் நினைப்பார்கள். உண்மையில் 30 லட்சம் 15 லட்சமாக இறங்க 13 வருஷம் 5 மாதம் ஆகிறது!

இந்த நிலையில் தவணைக்கு மேல் கட்டுகிற பணத்தில் வட்டிக்குப் பங்கு கிடையாது. முழுவதும் அசலில் கழிகிறது. கழிந்த அசலுக்கு மீதமுள்ள அத்தனை மாதமும் வட்டி ஓடாது. முதல் மாதத்தில் கூடுதலாகக் கட்டிய ஆயிரம் ரூபாய், 20 வருஷ முடிவில் 4,461 ரூபாய்க் கடனை அடைத்த பலனைத் தருகிறது. அதே ஆயிரத்தைப் பதினைந்து வருஷம் கழித்துக் கட்டினால் பலன் 1,453 ரூபாய்தான். “இப்போது கஷ்டம், பிள்ளைகள் தலையெடுத்த பிறகு மொத்தமாகக் கட்டிக்கொள்ளலாம்” என்று தள்ளிப்போடுகிறவர்கள் இந்த இரண்டு எண்களையும் ஒருமுறை பார்ப்பது நல்லது.

மேற்படி 30 லட்சம் கடனில் மாதம் ஆயிரம் ரூபாய் கூட்டிக் கட்டினால் 20 தவணைகள் குறைகின்றன. வட்டியில் சுமார் 2 லட்சத்து 80 ஆயிரம் ரூபாய் மிச்சம். மாதாமாதம் முடியாதவர்கள் தீபாவளி போனஸ் வரும்போது வருஷத்துக்கு ஒரு தவணை அதிகமாகக் கட்டலாம். அப்படிச் செய்தால் 20 வருஷக் கடன் 17 வருஷத்துக்குள் தீர்ந்துவிடும். சீட்டுப் பணத்துக்காக மாதாமாதம் வயிற்றைக் கட்டி வாயைக் கட்டிப் பணம் போடும் குடும்பங்களுக்கு இது புதிய பழக்கமல்ல.

ஏறியபோது நடந்தது

வட்டி இறங்கும்போது ஏன் ஜாக்கிரதையாக இருக்க வேண்டும் என்பதற்கு, அது ஏறிய காலத்தை நினைத்துப் பார்த்தால் போதும். 2022 மே மாதம் முதல் 2023 பிப்ரவரி வரை, பத்தே மாதத்தில், ரெப்போ நாலு சதவீதத்திலிருந்து ஆறரை சதவீதத்துக்குத் தாவியது. அப்போது பாங்குகள் பொதுவாகத் தவணையைத் தொடவில்லை; காலத்தை நீட்டின. தவணை மாறாததால் பலர் அதைக் கவனிக்கவே இல்லை.

காலத்தை நீட்டுவது எதுவரை போகும் தெரியுமா? 2022 தொடக்கத்தில் ஆறேமுக்கால் சதவீதத்துக்கு 30 லட்சம் வாங்கியவரின் தவணை 22,811 ரூபாய். வட்டி ஒன்பதேகால் சதவீதமாக ஏறிய சமயத்தில் அவர் கடன் ஏறத்தாழ 29 லட்சத்து 50 ஆயிரம் ரூபாய் என்று கொண்டால், ஒரு மாத வட்டி மட்டும் 22,740 ரூபாய். அசலுக்கு மிஞ்சுவது 71 ரூபாய்! இந்தக் கதியில் போனால் கடன் தீர 62 வருஷத்துக்கு மேல் ஆகும். இன்னும் கொஞ்சம் வட்டி ஏறினால் மாதாமாதம் கட்டக் கட்டக் கடன் வளரும். இப்படிப்பட்ட இடங்களில் பாங்குகள் வேறு வழியின்றித் தவணையையும் ஏற்றின.

இதையொட்டி 2023 ஆகஸ்டு 18-ந் தேதி ரிசர்வ் பாங்கு ஓர் உத்தரவு போட்டது. வட்டி திருத்தப்படும்போது தவணையைக் கூட்டுவதா, காலத்தை நீட்டுவதா, இரண்டையும் கலந்து செய்வதா, ஒரு பகுதியை முன்கூட்டியே கட்டுவதா என்று முடிவு செய்யும் வாய்ப்பைக் கடன் வாங்கியவருக்குக் கொடுக்க வேண்டும். இதுவரை வசூலான அசல், வட்டி, பாக்கித் தவணைகள் எத்தனை என்ற கணக்கை மூன்று மாதத்துக்கு ஒரு முறை தெரிவிக்க வேண்டும் என்றது. இந்தக் கணக்கு ஸ்டேட்மெண்டைக் கேட்டு வாங்கிப் பார்த்தால்தான், 2022-ல் நீண்ட காலம் 2025-ல் திரும்பச் சுருங்கியதா என்பது தெரியும்.

அபராதம் போயிற்று

முன்கூட்டிக் கட்டினால் பாங்கு அபராதம் போடும் என்ற பயம் இன்னும் பலருக்கு இருக்கிறது. ஒரு காலத்தில் அது நியாயமான பயமே. கடனைச் சீக்கிரம் அடைக்க வந்தவரிடம் பாக்கித் தொகையில் நூற்றுக்கு இரண்டு என்று கூடக் கட்டணம் கேட்டார்கள். தாமோதரன் தலைமையில் அமைந்த குழு 2011-ல் இதைக் கண்டித்தது. 2012 ஜூனில் மாறும் வட்டி வீட்டுக்கடன்களுக்கு இந்தக் கட்டணம் கூடாது என்று ரிசர்வ் பாங்கு பாங்குகளுக்கு உத்தரவிட்டது. 2025 ஜூலையில் வந்த புதிய விதிகள், 2026 ஜனவரி முதல் தேதிக்குப் பிறகு கொடுக்கப்படும் கடன்களுக்கு இதை இன்னும் தெளிவாக்கின: தனிநபர் சொந்தத் தேவைக்கு வாங்கும் மாறும் வட்டிக் கடனை முழுவதும் கட்டினாலும், கொஞ்சம் கட்டினாலும், பணம் எங்கிருந்து வந்தாலும் கட்டணம் கிடையாது, “இத்தனை மாதம் கழித்துத்தான் கட்டலாம்” என்ற தடையும் கிடையாது. நிலையான வட்டிக் கடனுக்கு இந்தச் சலுகை இல்லை. அதை வாங்கியவர்கள் ஒப்பந்தத்தைப் பார்த்துக்கொள்ள வேண்டும்.

பழைய முறை வட்டியிலேயே இருப்பவர்களும் உண்டு. 2019-க்கு முன் வாங்கியவர்கள் பலருக்கு ரெப்போ குறைந்தது முழுசாக எட்டியிருக்காது. அவர்கள் சிறிய நிர்வாகச் செலவைக் கட்டிப் புதிய முறைக்கு மாறலாம். பாங்கு அல்லாத வீட்டுக்கடன் கம்பெனிகளை வெளி அளவுகோல் விதி கட்டுப்படுத்தாது. அங்கே வட்டி குறையாவிட்டால் கேட்டுத்தான் பெற வேண்டும்.

எல்லோருக்கும் இது ஏற்றதா? இல்லை. கிரெடிட் கார்டுக்கு மாதம் மூன்று, மூன்றரை சதவீத வட்டி கொடுத்துக்கொண்டே, ஏழரை சதவீத வீட்டுக்கடனை அவசரமாக அடைப்பது புத்திசாலித்தனம் ஆகாது. கையில் ஆஸ்பத்திரிச் செலவுக்குப் பணமில்லாதவரும் பொறுக்க வேண்டும். பாங்கில் கட்டிய பணம் ராத்திரி ஒரு மணிக்குத் திரும்பி வராது. இன்னொரு பழைய வாதம் வருமான வரி. வட்டியாகக் கட்டிய பணத்தில் 2 லட்சம் ரூபாய் வரை பழைய வரி முறையில் கழிவு உண்டு. 2023-24 முதல், வேறு விதமாகத் தெரிவிக்காதவர்களுக்குப் புதிய வரி முறையே பொருந்துகிறது. அதில், தாம் குடியிருக்கும் வீட்டின் கடன் வட்டிக்குக் கழிவு இல்லை. வரிக்காகக் கடனை வைத்துக்கொள்வது என்ற யோசனைக்கு அவர்களிடம் இப்போது இடமில்லை.

கட்டுகிறவர்கள் ஒன்றை மறக்கக் கூடாது. கூடுதல் பணம் அசலில் கழிய வேண்டும், தவணை மாறாமல் காலம் குறைய வேண்டும் என்று எழுத்து மூலம் கேட்பது அவசியம். கேட்காவிட்டால் அடுத்த மாதத் தவணையின் முன்பணமாக வரவு வைக்கப்படலாம். அல்லது காலம் அப்படியே இருந்து தவணை சுருங்கலாம். மறு மாதம் ஸ்டேட்மெண்டில் பாக்கித் தவணைகளின் எண்ணிக்கை குறைந்திருந்தால் பணம் சரியான இடத்துக்குப் போயிருக்கிறது என்று அர்த்தம்.

கடைசித் தவணையோடு வேலை முடிவதில்லை. 2023 டிசம்பர் முதல் தேதியிலிருந்து, கடன் தீர்ந்த 30 நாளுக்குள் அசல் பத்திரங்களைத் திருப்பிக் கொடுக்க வேண்டும். பாங்கின் காரணத்தால் தாமதமானால் நாளொன்றுக்கு 5,000 ரூபாய் நஷ்ட ஈடு. தமிழ்நாட்டில் கடன் வாங்கும்போது பத்திர ஒப்படைப்பைச் சார்பதிவாளர் ஆபீசில் பதிவு செய்திருப்பார்கள். கடன் தீர்ந்த ரசீதையும் அங்கேயே பதிவு செய்தால்தான் அந்த அடமானம் தீர்ந்த விவரம் வில்லங்கச் சான்றில் ஏறும்.