சப்ரகமுவவுக்கு ஓர் அணி

டொரொண்டோவில் வாழும் நண்பர்கள் சிலர் 2025 நவம்பர் முதல் வாரத்தில் எனக்கு எழுதிய மின்னஞ்சல்கள் ஏறத்தாழ இரங்கற் கடிதங்களாகவே இருந்தன. அந்நகரின் புளூ ஜேய்ஸ் பேஸ்பால் அணி, 1993க்குப் பிறகு முதன்முறையாக உலகத் தொடரின் இறுதிச்சுற்றை எட்டி, ஏழாவது ஆட்டத்தில், அதுவும் பதினோராவது இன்னிங்ஸில், லாஸ் ஏஞ்சலிஸ் அணியிடம் 5-4 என்று தோற்றுப்போயிருந்தது. எண்பதுகளில் அகதிகளாகப் போய்ச் சேர்ந்தவர்கள் இவர்கள். பேஸ்பாலின் விதிகளை இன்றைக்கும் பிள்ளைகளிடம் கேட்டுத்தான் தெரிந்துகொள்கிறார்கள். ஆயினும் அந்தத் தோல்வி தம் வீட்டில் நடந்த தோல்வியாகவே அவர்களுக்குப் பட்டிருக்கிறது. கடித முடிவில் எல்லோரும் எழுதியிருந்தது ஒரே வரிதான்: அடுத்த பருவத்தில் பார்த்துக்கொள்வோம்.

ஊர் அணி என்பதன் இலக்கணம் இதுதான் என்று நினைக்கிறேன். அதை நாம் தேர்ந்தெடுப்பதில்லை. எந்த மண்ணில் வாடகை கொடுக்கிறோமோ, எந்தத் தெருவில் பிள்ளையைப் பள்ளிக்கூடத்துக்கு அனுப்புகிறோமோ, அந்த மண்ணின் அணி நம்மை வந்து பிடித்துக்கொள்கிறது. சிக்காகோ கப்ஸ் ரசிகர்கள் 1908க்கும் 2016க்கும் இடையே 108 ஆண்டுகள் ஒரு கிண்ணத்துக்காகக் காத்திருந்தார்கள். தாத்தா காத்திருந்து இறந்தார், தந்தை காத்திருந்து இறந்தார், பேரன் பார்த்தான். காத்திருப்பதற்கு அவர்களுக்கென்று ஓர் அணியாவது இருந்தது.

இரத்தினபுரி, கேகாலை மாவட்டங்களின் தோட்டங்களில் பிறந்த ஒரு தமிழ் இளைஞனுக்கு ஊர் அணி எது? இந்தக் கேள்வியை நான் பல ஆண்டுகளாகப் பலரிடம் கேட்டு வருகிறேன். நேரான பதில் இதுவரை கிடைக்கவில்லை. கிடைக்கவும் கிடைக்காது, ஏனெனில் அப்படியோர் அணி இல்லை.

இலங்கையில் மாகாணங்கள் ஒன்பது. 2012இல் நடந்த ஸ்ரீலங்கா பிரீமியர் லீக்கில் மாகாணப் பெயர்களோடு ஏழு அணிகள் களமிறங்கின. ஊவாவுக்கு அணி இருந்தது, கிண்ணத்தையும் அதுவே வென்றது. போரிலிருந்து அப்போதுதான் மீண்டிருந்த வடக்கிற்கும் கிழக்கிற்கும் பெயரளவிலாவது அணிகள் இருந்தன. விடுபட்டவை இரண்டு: வடமத்திய மாகாணமும் சப்ரகமுவவும். 2020இல் லங்கா பிரீமியர் லீக் தொடங்கியபோது அணிகள் ஐந்தாகச் சுருங்கின. கொழும்பு, கண்டி, காலி, யாழ்ப்பாணம், தம்புள்ளை. தம்புள்ளை வந்ததால் மத்தியிலுள்ள வறண்ட பிரதேசத்துக்கு ஒரு முகவரி கிடைத்தது. 2022இல் உள்ளூர் வீரர்களுக்கென்று தேசிய சூப்பர் லீக் நடத்தினார்கள்; அதிலும் இதே ஐந்து பெயர்கள்தான். மூன்று முறை பட்டியல் எழுதப்பட்டது, மூன்று முறையும் சப்ரகமுவ எழுதுவோரின் நினைவுக்கு வரவில்லை.

இதில் வேடிக்கை என்னவென்றால், கொழும்பிலிருந்து பல்லேகலைக்கு வழக்கமான கண்டி வீதியில் போகும் எந்த அணியின் பேருந்தும் வரக்காப்பொல, கேகாலை, மாவனல்லை என்று எங்கள் மாகாணத்தைக் குறுக்கே அறுத்துக்கொண்டுதான் போகவேண்டும். நாங்கள் கையசைக்கலாம்.

அணி இல்லாதவனின் விசுவாசம் எங்காவது போய் ஒண்டவேண்டும் அல்லவா? எட்டியாந்தோட்டை, தெரணியகல, இறக்குவானை, பலாங்கொடைப் பக்கத்து இளைஞர்களிடம் அது மூன்றாகப் பிரிந்து கிடக்கிறது. மொழியால் யாழ்ப்பாணம், மலையால் கண்டி, தொலைக்காட்சியால் சென்னை. சென்னை மோகத்துக்கு இரத்த உறவும் ஒரு காரணம். 1964இன் சிறிமா-சாஸ்திரி ஒப்பந்தத்துக்குப் பின் கப்பலேறியவர்களின் வாரிசுகள் நீலகிரியிலும் திருச்சியிலும் இருக்கிறார்கள். ஒரே குடும்பத்தின் இரு கிளைகள் ஒரே மஞ்சள் சட்டைக்குக் கைதட்டுகின்றன. ஆனால் 2013இல், சென்னையில் நடக்கும் ஐ.பி.எல். ஆட்டங்களில் இலங்கை வீரர்கள் விளையாடக்கூடாது என்று தடை வந்தபோது, இந்த இளைஞர்கள் எந்தப் பக்கம் நிற்பதென்று தெரியாமல் திகைத்ததையும் பார்த்தேன். அந்தத் தடைக்கான அரசியல் நியாயத்தை நான் இங்கே விசாரிக்கவில்லை. இலங்கைத் தமிழன் என்ற சொல்லுக்குள் தானும் அடங்குகிறானா என்ற பழைய சந்தேகம், ஒரு விளையாட்டுச் செய்தி வழியாகத் தோட்டத்துப் பையன் ஒருவனுக்கு வந்து சேர்ந்தது என்பதை மட்டும் பதிவு செய்கிறேன்.

யாழ்ப்பாண அணியை நானும் ஆதரிக்கிறேன். 2020, 2021, 2022, 2024 என்று ஐந்து பருவங்களில் நான்கு கிண்ணங்கள்! 2023 மட்டும் கண்டிக்குப் போயிற்று. மகிழ்ச்சிதான். ஆயினும் அந்த வெற்றிகளில் என் மனத்தில் நின்றது கிண்ணமல்ல. 2020 டிசம்பரில் யாழ். மத்திய கல்லூரியின் விஜயகாந்த் வியாஸ்காந்த் அந்த அணியின் சீருடையில் சுழற்பந்து வீச ஓடிவந்த காட்சிதான் நின்றது. 2024இல் அவர் ஹைதராபாத் அணிக்காக ஐ.பி.எல்.லில் ஆடினார். பதினொருவரில் பத்துப்பேர் வெளியூரார், வெளிநாட்டார் என்றாலும், ஒருவன் அந்த மண்ணிலிருந்து வந்துவிட்டால் போதும், அணி ஊர் அணியாகிவிடுகிறது. இன்று மண்டைதீவில் ஒரு சர்வதேச மைதானத்துக்கு அடிக்கல்லும் நாட்டப்பட்டுவிட்டது (2025 செப்டெம்பர்). அணி என்ற பெயர் முதலில் வந்தது. மண்ணின் மைந்தன் அதில் நுழைந்தான். மைதானம் பிறகு வருகிறது. வரிசையைக் கவனியுங்கள்.

முரளிதரன் இருக்கிறாரே என்பார்கள். இருக்கிறார், 800 டெஸ்ட் விக்கெட்டுகளோடு, இன்னும் எவரும் எட்டாத உயரத்தில் இருக்கிறார். அவருடைய பாட்டனார் தேயிலைத் தோட்ட வேலைக்காக வந்தவர் என்பதில் மலையகத்துக்குப் பெருமை உண்டு. ஆனால் முரளி வளர்ந்தது கண்டியில் வணிகம் செய்த ஒரு குடும்பத்தில். படித்தது கட்டுகஸ்தோட்டை புனித அந்தோனியார் கல்லூரியில், கடினபந்து கிரிக்கெட்டுக்குப் பேர்போன பள்ளிக்கூடத்தில். லயத்து அறையிலிருந்து டெஸ்ட் மைதானத்துக்குப் பாதை இருக்கிறது என்று அவரைச் சாட்சிக்கு அழைப்பது நேர்மையாகாது.

பாதை எங்கே அடைபடுகிறது என்பதைச் சொல்கிறேன். முதலாவது மழை. இரத்தினபுரியில் ஆண்டுக்கு 3,500 மில்லிமீற்றருக்கு மேல் பெய்கிறது. எங்கள் பக்கத்தில் பெரும்பகுதி இறப்பர். மழை பெய்தால் பால்வெட்டு இல்லை, பால்வெட்டு இல்லாவிட்டால் அன்றைய பேர் இல்லை, அல்லது அரைப் பேர். மகனுடைய ஆட்டத்தை நிறுத்தும் அதே மழை தாயின் சம்பளத்தையும் நிறுத்துகிறது. 2026ஆம் ஆண்டுக்கான வரவுசெலவுத் திட்டம் நாட்சம்பளத்தை, அரசு தரும் 200 ரூபாய் ஊக்கத்தொகையையும் சேர்த்து, 1,750 ரூபாய் என்று அறிவித்தது. காற்காப்பு, கையுறை, தலைக்கவசம், மட்டை என்று ஒரு சிறுவனைக் கடினபந்துக்கு உடுத்திவிட எத்தனை பேர் வேண்டுமென்று தோட்டத்தில் எவரும் கணக்குப் பார்ப்பதில்லை. மென்பந்தோடு நின்றுவிடுகிறார்கள். சித்திரைப் புத்தாண்டுக்கும் தைப்பொங்கலுக்கும் தோட்டங்களுக்கிடையே நடக்கும் மென்பந்துப் போட்டிகளைப் பார்த்தவர்களுக்குத் தெரியும், அங்கே எத்தகைய கைகள் வீணாகின்றன என்று. ஏறி இறங்கும் சரிவில் பந்து பொறுக்கியே பழகிய பையன்கள். அவர்களுடைய களத்தடுப்பைக் கண்டால் எந்தப் பயிற்சியாளரும் ஒரு நிமிடம் நின்று பார்ப்பார்.

இரண்டாவது, சமதரை. துரைமார் தங்கள் மன்றங்களுக்கு வேண்டுமென்றபோது மலையை வெட்டிச் சமப்படுத்தினார்கள். தோட்டப் பாடசாலைக்கு அப்படி எவரும் வெட்டவில்லை. இருக்கும் துண்டுச் சமதரையிலும் இப்போது வேறு நியாயம் பேசவேண்டியிருக்கிறது. 2016 மே மாதம் புளத்கொஹுபிட்டியவில் களுபஹன தோட்டத்து லயம் மண்ணுக்குள் போனதும், அதே நாளில் அரநாயக்கவில் மலை சரிந்ததும் மறக்கக்கூடியவையல்ல. 2025 நவம்பரில் டித்வா புயல் கேகாலையை மறுபடி உலுக்கியது. பாதுகாப்பான நிலத்தில் ஏழு பேர்ச் காணியும் ஒரு வீடும் கேட்டுத் தவிப்பவர்களிடம் போய்க் கிரிக்கெட் மைதானம் பேசுகிறாயே என்று என்னைக் கேட்பவர்கள் உண்டு. வீடுதான் முதலில். அதில் எனக்கு மாற்றுக் கருத்தில்லை. ஆனால் நூறு குடும்பங்களுக்குப் புதுக் குடியிருப்பு வரைபடம் போடும்போது, கோவிலுக்கும் முன்பள்ளிக்கும் இடம் ஒதுக்குவதைப்போல ஒரு மைதானத்துக்கும் கோடு கிழித்தால் வீடு எதுவும் குறைந்துவிடாது. வரைபடம் முடிந்தபிறகு கேட்டால்தான் எதையாவது இடிக்கவேண்டிவரும்.

மூன்றாவது காரணத்தை நம்மவர்களிடமே சொல்லவேண்டும். மலையகம் என்றால் நுவரெலியா, ஹட்டன் என்று வெளியுலகத் தமிழர் நினைக்கிறார்கள். மலையகத் தலைவர்கள் பலரும் வாக்குக் கணக்கில் அப்படியே நினைக்கிறார்கள். சிங்களக் கிராமங்களுக்கிடையே சிதறிக் கிடக்கும் சப்ரகமுவத் தோட்டங்கள் 2023இன் இருநூறாண்டு நினைவு நிகழ்ச்சிகளின்போதுகூட ஓரமாகவே நின்றன.

லங்கா பிரீமியர் லீக்கின் 2025ஆம் ஆண்டுப் பருவம், உலகக் கிண்ண இருபது ஓவர் போட்டிகளுக்கு மைதானங்களைத் தயார் செய்வதற்காக ஒத்திவைக்கப்பட்டது. எனவே அடுத்த பருவத்தைப் பற்றி ஆசைப்பட எனக்கு நிறைய நேரம் கிடைத்தது. ஆறாவது அணியாகச் சப்ரகமுவ வரும் என்று நான் கனவு காணவில்லை. அணிகளை விலைகொடுத்து வாங்குகிறவர்கள் இறப்பர்க் காட்டைத் தேடி வரமாட்டார்கள். என் ஆசை சிறியது. இரு மாவட்டங்களின் தமிழ், சிங்கள, முஸ்லிம் பாடசாலைகளிலிருந்து தேர்ந்தெடுத்த, பத்தொன்பது வயதுக்குட்பட்ட ஒரு மாகாண அணி. அதற்குத் தோட்டப் பாடசாலைகளிலும் நேரில் வந்து தமிழில் பேசி ஆள் தெரியும் ஒரு பயிற்சியாளர். மழைக்காலத்தில் பயிற்சி செய்யக் கூரையிட்ட ஒரே ஒரு வலைக்கூடம். இதற்குக் கோடிகள் வேண்டாம். தெரிவுக்கான அறிவித்தல் மும்மொழியிலும் தோட்ட அலுவலகச் சுவரில் ஒட்டப்படவேண்டும், அவ்வளவே. ஒட்டினால் பிரட்டுக்கு வரும் பெற்றோர் படிப்பார்கள்.

அப்படியோர் அணி வந்தால் அதற்கு மாணிக்கக்கல்லின் பெயரைத்தான் வைப்பார்கள், சந்தேகமே இல்லை; இரத்தினபுரியை வேறெதற்கும் எவரும் நினைப்பதில்லை. வைத்துக்கொள்ளட்டும். பெயர்ப் பலகையைப் பற்றி எனக்கு வழக்கில்லை. பருவம் தொடங்குமுன் வீரர் பட்டியல் வெளியாகும்போது, பெயருக்குப் பக்கத்தில் பாடசாலையின் பெயரும் போடுவார்கள் அல்லவா, நான் முதலில் அந்தப் பத்தியைத்தான் படிப்பேன்.