ரங்கூனில் தொடங்கும் போர்த்துக்கீசியப் படமும் நாம் சொல்லாத கதையும்

ரங்கூனில் கதை தொடங்கும் திரைப்படம் ஒன்று 2024ஆம் ஆண்டு பிரான்சின் கான் நகரத் திரைப்பட விழாவில் சிறந்த இயக்குநருக்கான பரிசைப் பெற்றது. அதனை எடுத்தவர் பர்மியர் அல்லர், இந்தியர் அல்லர், பர்மாவை ஆண்ட ஆங்கிலேயரும் அல்லர். போர்த்துக்கல் நாட்டு இயக்குநர் மிகெல் கோமெஸ் என்பவர். படத்தின் பெயர் ‘கிராண்ட் டூர்’. ரங்கூனைப் பிறந்த ஊராகவோ பெற்றோரின் ஊராகவோ கொண்ட நமது குடும்பங்கள் இப்படத்தைப் பற்றி அறிந்துகொள்வது நல்லது. அதனைவிட, இப்படம் நம்மிடம் எழுப்பும் கேள்விக்கு விடை தேடுவது மிகவும் நல்லது.

கதை எளியது. முதல் உலகப் போரின் கடைசிக் காலம். ரங்கூனில் பணியாற்றும் ஆங்கிலேய அதிகாரி எட்வர்ட். அவரை மணந்துகொள்ளக் கப்பலேறி வருகிறாள் மோலி. அவள் வந்து சேரும் நாளிலேயே அவர் அச்சங்கொண்டு ஓடிவிடுகிறார். சிங்கப்பூர், பாங்காக், சைகோன், மணிலா, சீனா என்று அவர் ஓட, அவளும் விடாமல் பின்தொடர்கிறாள். இதில் இரண்டு வியப்புகள் உண்டு. ஆங்கிலேயராக வருவோர் போர்த்துக்கீசிய மொழியில் பேசுகின்றனர். ஆனால் கதையை எடுத்துரைக்கும் குரலோ அந்தந்த நாட்டு மொழியில் ஒலிக்கிறது. பர்மாப் பகுதியில் பர்மிய மொழி. பழைய கதையின் நடுவே இன்றைய பர்மாவின் உண்மைக் காட்சிகளும் வருகின்றன. மின்சாரமின்றி ஆட்களே ஏறித் தம் உடல் எடையால் சுழற்றும் ராட்டினம் அவற்றுள் ஒன்று. பர்மாவின் திருவிழாக்களைக் கண்ட நம் முதியோர் அதனை உடனே அடையாளம் கண்டுகொள்வர்.

ஆண்டவரின் கதையை ஆளப்பட்டவரின் மொழியில் சொல்ல வைத்தது நேர்மையான முயற்சி. எனினும் கதை இரு வெள்ளையரைப் பற்றியதே. நமது கேள்வி அங்கேதான் பிறக்கிறது. அந்த நாளில் ரங்கூன் துறைமுகத்தில் மோலியைப் போன்ற ஒரு பெண் வந்து இறங்கியிருந்தால், அவளது பெட்டியைத் தலையில் சுமந்தவர் யார்? அவள் ஏறிய ரிக்‌ஷாவை இழுத்தவர் யார்?

பபேடான் தெருக்கள் கூறும் விடை

விடையை நாம் ஏட்டில் தேட வேண்டியதில்லை. 1931ஆம் ஆண்டுக் குடிக்கணக்கின்படி ரங்கூன் மக்களில் பாதிக்கு மேற்பட்டோர் இந்தியர். தமிழர், தெலுங்கர், ஒரியர், வங்காளியர், குஜராத்தியர் என்று பல மொழியினர். மேஸ்திரியிடம் முன்பணம் வாங்கிக் கடன்பட்டே கப்பலேறியவர் பலர். துறைமுகத்தில் மூட்டை தூக்கினர். அரிசி ஆலைகளில் உழைத்தனர். நகரின் கழிவை அகற்றினர்.

பபேடானில் அவர்களது தடம் இன்னும் அழியவில்லை. தமிழர் 1871இல் எழுப்பிய காளி கோயில் அங்கே நிற்கிறது. தமிழ் முஸ்லிம்களின் சூலியாப் பள்ளிவாசல் நிற்கிறது. செட்டியார் கிட்டங்கிகள் இருந்த மொகல் தெருவுக்கு இன்று ஷ்வே போந்தா தெரு என்று பெயர். 1926இல் கட்டப்பட்ட ஸ்காட் மார்க்கெட், போஜோ ஆங் சான் மார்க்கெட் ஆகிவிட்டது. பெயர்கள் மாறின. கட்டடங்கள் உள்ளன. அங்கே வாழ்ந்தோரின் வாழ்க்கையைச் சொல்லும் படம்தான் இல்லை.

தோற்றவர் எடுத்த படங்கள்

போர்த்துக்கீசியர் நமக்கு முற்றிலும் அந்நியர் அல்லர். நாம் நாள்தோறும் சொல்லும் ஜன்னல், சாவி, அலமாரி, மேசை ஆகியவை அவர்கள் மொழியிலிருந்து வந்த சொற்கள். ரங்கூனுக்கு எதிர்க்கரையில் உள்ள சிரியத்தை, இன்றைய தன்லியினை, 1613 வரை தன் பிடியில் வைத்திருந்தவன் பிலிப் டி பிரிட்டோ என்னும் போர்த்துக்கீசியன். ஐரோப்பியப் பேரரசுகளுள் முதலில் கடல் கடந்தவற்றுள் ஒன்றாகிய போர்த்துக்கல், ஆப்பிரிக்காவை விட்டு வெளியேறியதில் கடைசியாக நின்றது. அங்கோலா, கினி, மொசாம்பிக் ஆகிய நாடுகளில் 1961 முதல் விடுதலைப் போர்கள் மூண்டன. 1974 ஏப்ரல் 25 அன்று போர்த்துக்கல் இராணுவத்தினரே சர்வாதிகார ஆட்சியைக் கவிழ்த்தனர். 1975இல் அங்கோலாவும் மொசாம்பிக்கும் விடுதலை பெற்றன.

அப்பொழுது ஐந்து இலட்சம் அளவிலான மக்கள் ஆப்பிரிக்காவிலிருந்து போர்த்துக்கல் வந்து சேர்ந்தனர். அவர்களுக்கு அங்கே இட்ட பெயர் ‘ரெட்டோர்னாடோஸ்’. திரும்பி வந்தோர் என்பது அதன் பொருள். அவர்களுள் பலர் ஆப்பிரிக்காவிலேயே பிறந்தவர்கள். போர்த்துக்கல்லைக் கண்டதே இல்லை. கண்டிராத நாட்டுக்கு எப்படித் திரும்ப முடியும்? இந்தக் கேள்வி நமக்குப் புதிதன்று. பபேடானில் பிறந்து, பர்மிய மொழியில் விளையாடி வளர்ந்த பிள்ளை சென்னைத் துறைமுகத்தில் வந்து இறங்கியபோது, அரசு ஏட்டில் அப்பிள்ளைக்கும் ‘தாயகம் திரும்பியோர்’ என்றே பெயர்.

போர்த்துக்கல் தன் தோல்வியைத் திரையில் மறைக்கவில்லை. மனோயல் டி ஒலிவேரா 1990இல் எடுத்த படத்தில், அங்கோலாவில் லாரியில் செல்லும் போர்வீரர்கள் தம் நாட்டுத் தோல்விகளின் வரலாற்றைப் பேசிக்கொண்டே போகின்றனர். அவர்களின் தலைவன் இறக்கும் நாள் 1974 ஏப்ரல் 25. போர் முடியும் நாளில் வீணாக ஓர் உயிர் போகிறது. மிகெல் கோமெஸ் 2012இல் எடுத்த ‘தபூ’, லிஸ்பனில் வாழும் மூதாட்டி ஒருத்தியின் ஆப்பிரிக்க இளமைக் காலத்தைக் காட்டுகிறது. அவள் சொர்க்கமாக நினைத்து ஏங்கும் அந்த நாட்கள் மற்றவர்க்கும் சொர்க்கமாக இருந்தனவா என்று படம் நம்மைக் கேட்க வைக்கிறது.

ஆளப்பட்டவர் எடுத்த படங்கள்

நமக்கு இன்னும் நெருக்கமானவை மறுகரையிலிருந்து வந்த படங்கள். சாரா மால்டரோர் என்னும் பெண் இயக்குநர் 1972இல் ‘சாம்பிசாங்கா’ என்ற படத்தை எடுத்தார். அங்கோலாவில் கணவனைக் காவலர் பிடித்துச் செல்கின்றனர். கைக்குழந்தையை முதுகில் கட்டிக்கொண்டு, அவன் எங்கே இருக்கிறான் என்று கேட்டு மனைவி சிறை சிறையாக நடக்கிறாள். அவ்வளவே கதை. காணாமற்போன உறவினரைத் தேடி அலுவலக வாயில்களில் காத்திருந்த நம் பெண்களுக்கு அந்த நடையின் பொருளை எவரும் விளக்க வேண்டியதில்லை.

மொசாம்பிக்கின் முயெடா என்னும் ஊரில் 1960 ஜூன் 16 அன்று, கோரிக்கையோடு கூடிய மக்களைப் போர்த்துக்கீசிய ஆட்சியினர் சுட்டுக் கொன்றனர். விடுதலைக்குப் பின்னர் அவ்வூர் மக்கள் அந்த நாளை நாடகமாக நடித்துவந்தனர். வெள்ளை அதிகாரி வேடத்தையும் ஊராரே பூண்டனர். மொசாம்பிக்கில் பிறந்த ருய் கெர்ரா அந்த நாடகத்தையே 1979இல் படமாக்கினார். பெரும் பணமோ புகழ்பெற்ற நடிகரோ அதற்குத் தேவைப்படவில்லை. நிகழ்ந்ததை அறிந்த மக்கள் இருந்தனர். அதனைச் சொல்லும் மனம் இருந்தது.

நம் திரையில் ரங்கூன்

தமிழ்த் திரையிலும் ரங்கூனுக்கு ஒரு பெரிய வாயில் உண்டு. 1952இல் வெளிவந்த ‘பராசக்தி’தான் அது. மூன்று அண்ணன்மார் ரங்கூனில், தங்கை மதுரையில். போர் மூள்கிறது, ஒருவர்க்கே கப்பலில் இடம் கிடைக்கிறது, மற்றவர்கள் நிலவழியே வருகின்றனர். கலைஞர் மு. கருணாநிதியின் உரையாடலையும் சிவாஜி கணேசனின் நடிப்பையும் நினைவில் வைத்திருக்கும் நாம், அந்தக் குடும்பம் பர்மா அகதிக் குடும்பம் என்பதைப் பெரும்பாலும் மறந்துவிடுகிறோம். படமும் விரைவிலேயே ரங்கூனை விட்டுத் தமிழகத்தின் கேள்விகளுக்குள் சென்றுவிடுகிறது. அந்நாளில் அது இயல்பே. ஆனால் அதன் பின்னர் வந்த எழுபது ஆண்டுகளில் அந்த வாயிலைத் தாண்டி உள்ளே சென்றவர் மிகச் சிலர்.

சொல்ல எதுவும் இல்லையா? 1941 டிசம்பர் 23 அன்று ரங்கூன் மீது ஜப்பானியர் குண்டு வீசினர். தொடர்ந்து இலட்சக்கணக்கானோர் மலைகளையும் காடுகளையும் கடந்து நடந்தனர்; பல்லாயிரவர் வழியிலேயே மாண்டனர். அந்த வழியில்கூட வெள்ளையருக்கும் நம்மவருக்கும் வேறுபாடு காட்டப்பட்டது. 1962இல் நே வின் ஆட்சியைக் கைப்பற்றினார். 1964இல் கடைகள் அரசுடைமையாயின. அவ்வாண்டு மே மாதம் 50, 100 கியாட் நோட்டுகள் செல்லாதவை ஆயின. இலட்சக்கணக்கானோர் வெறுங்கையுடன் கப்பலேறினர். தமிழகத்தில் வாழ வழியின்றி மீண்டும் பர்மாவுக்கே நடக்க முயன்று, எல்லையில் தடுக்கப்பட்டு, மணிப்பூரின் மோரேயில் தங்கிவிட்டோரும் நம்மவரே.

உண்மை முழுவதையும்

ஆயினும் ஒன்றை வெளிப்படையாகச் சொல்ல வேண்டும். நம் கதையைச் சொல்லும்போது நம் இழப்பை மட்டும் சொன்னால் அது பாதி உண்மையே. 1930களின் பொருளாதார வீழ்ச்சியில் நெல் விலை சரிந்தது. கடனை அடைக்க இயலாத பர்மிய உழவரின் நிலங்கள் கைமாறின. அப்பத்தாண்டின் இறுதியில் கீழ்ப்பர்மாவின் முக்கிய நெல் மாவட்டங்களில் விளைநிலத்தில் ஏறக்குறைய நான்கில் ஒரு பங்கு நம் லேவாதேவிக்காரரிடம் இருந்தது. வட்டிக்கு ஈடாக வயலை இழந்த உழவனின் சினம், வயலே கண்டிராத நம் கூலியின் தலையிலும் விழுந்தது. ஆங்கிலேயர் வகுத்த அமைப்பு அது என்பது மெய்தான். அதனால் பயன் பெற்றவர் நம்மிலும் சிலர் இருந்தனர் என்பதும் மெய்யே. போர்த்துக்கீசியர் தம் பாட்டிமாரின் சொர்க்கத்தைக் கேள்வி கேட்கத் துணிந்தனர். அந்தத் துணிவு நமக்கும் வேண்டும். தன் தவற்றையும் சேர்த்துச் சொல்பவனின் துயரத்தையே உலகம் நம்பும்.

காலம் நமக்காகக் காத்திராது. 1942இல் நடந்து வந்தோருள் இன்று உயிரோடிருப்போர் மிகச் சிலர். 1964இல் பிள்ளைகளாகக் கப்பலேறியோர் எழுபதை நெருங்குகின்றனர் அல்லது கடந்துவிட்டனர். படம் எடுக்க இயக்குநர் வரட்டும் என்று நாம் காத்திருந்தால், அவர் வரும் நாளில் கேட்பதற்குக் குரல் இராது.

ஆகவே நமது குடும்பங்களை வேண்டிக்கொள்கிறோம். இன்று பெரும்பாலான வீடுகளில் கைப்பேசி இருக்கிறது. பாட்டியை, பெரியப்பாவை அமர்த்தி, எந்தத் தெருவில் குடியிருந்தீர்கள், பக்கத்து வீட்டார் யார், கப்பலேறும் நாளில் எதை விட்டு வந்தீர்கள் என்று கேளுங்கள். குரலைப் பதிவு செய்யுங்கள். பர்மிய அண்டை வீட்டாரைப் பற்றியும் மறவாமல் கேளுங்கள். பழைய புகைப்படங்களின் பின்புறத்தில் பெயரும் ஆண்டும் எழுதி வையுங்கள். எழுதக்கூடியோர் எழுதி அனுப்புங்கள். இப்பத்திரிகையின் பக்கங்கள் அதற்குத் திறந்தே இருக்கும்.

முயெடா மக்கள் முதலில் படக்கருவியைத் தேடவில்லை. நடந்ததை ஊர் கூடிச் சொல்லத் தொடங்கினர். படம் பின்னர் வந்தது. நாமும் முதலில் சொல்லத் தொடங்குவோம்.