உடைந்தது கிண்ணம், எறியப்படவிருந்தது ஒலிபெருக்கி

வடமராட்சியில் உள்ள எமது ஊர் வாசிகசாலையின் ஆண்டு விழா கடந்த வருடம் நடைபெற்றபோது, மேடையின் வலது பக்கத்தில் நிறுத்தப்பட்டிருந்த ஒலிபெருக்கி சரிந்து விழுந்தது. சுமார் 17 கிலோகிராம் எடையுள்ள அந்தப் பெட்டி, ஓர் ஆளின் தலைக்கு மேலான உயரத்தில் முக்காலித் தாங்கி ஒன்றின் மீது ஏற்றப்பட்டிருந்தது. அதன் அருகே பாயில் அமர்ந்திருந்த முன்பள்ளிச் சிறுவர்கள், நடன நிகழ்ச்சிக்காகச் சில நிமிடங்களுக்கு முன்னர்தான் மேடைக்குப் பின்னால் அழைத்துச் செல்லப்பட்டிருந்தனர். விழுந்த பெட்டியைத் தூக்கி நிமிர்த்தியபோது அது தொடர்ந்து பாடிக்கொண்டிருந்தது. கூட்டத்தினர் சிரித்தார்கள். எனக்குச் சிரிப்பு வரவில்லை.

மறுநாள் பெட்டியைக் கவிழ்த்துப் பார்த்தோம். உள்ளே இருந்த இலத்திரனியல் பகுதிகளுக்கு எந்தச் சேதமும் இல்லை. அடிப்பகுதியில், தாங்கியின் கம்பம் நுழைகின்ற பிளாஸ்ரிக் கிண்ணம் மாத்திரம் இரண்டாகப் பிளந்து, நான்கு திருகாணிகளில் மூன்றைப் பிய்த்துக்கொண்டு வந்திருந்தது. உள்ளங்கைக்குள் அடங்கிவிடக்கூடிய ஒரு துண்டு. அந்தத் துண்டு இல்லையென்றால் அந்த ஒலிபெருக்கியை மேசை மேல் வைத்து முன்வரிசைக்கு மாத்திரமே பாட வைக்கலாம்.

செய்தி அன்று மாலையே லண்டனுக்கும் ரொறன்ரோவுக்கும் போய்விட்டது. இரவு தொலைபேசி வந்தது. "அண்ணை, உதோட மினக்கெடாதேங்கோ. புதுசா ஒரு சோடி அனுப்பிவிடுறம்" என்றார் எமது ஊரவர் ஒருவர். அன்பினால் சொல்லப்பட்ட வார்த்தைகள் என்பதில் எனக்கு ஐயமில்லை. முதலாவது சோடியை வாங்கித் தந்தவர்களும் அவர்களே. ஆனால், பழுதில்லாத ஒரு பொருளைக் கிண்ணமொன்றுக்காக வீசிவிடுவதற்கு மனம் ஒப்பவில்லை. நான் தேடித் தருகிறேன் என்று வாய் கொடுத்து மாட்டிக்கொண்டேன்.

ஒலிபெருக்கி ஒன்று குறைந்தால் ஊருக்கு நிம்மதிதானே என்று வாசகர்களில் சிலர் நினைக்கக்கூடும். இரவு 10 மணியிலிருந்து காலை 6 மணி வரையிலான ஒலிபெருக்கிப் பாவனையை 2007 நவம்பரில் உயர் நீதிமன்றம் கட்டுப்படுத்தியபோது அதனை மனமார வரவேற்றவர்களில் நானும் ஒருவன். ஆனால், வாசிகசாலையின் ஒலிபெருக்கி கோயில் திருவிழாவின் ஒலிபெருக்கி அல்ல. முதியோர் கூட்டத்துக்கும் டெங்கு விழிப்புணர்வுக்கும் பரிசளிப்புக்கும் ஊரில் உள்ளது அது ஒன்றுதான்.

தேடத் தொடங்கிய பிறகுதான் இந்தச் சின்னஞ்சிறு உறுப்பைப் பற்றி இவ்வளவு காலமும் ஒன்றுமே அறியாமல் இருந்திருக்கிறேன் என்பது புரிந்தது. உலகெங்கும் இத்தகைய ஒலிபெருக்கிகளின் தாங்கிக் கம்பங்கள் பெரும்பாலும் 35 மில்லிமீற்றர் விட்டமுடையவை. பழைய கணக்கில் 1 3/8 அங்குலம். ஆகவே எந்த நிறுவனத்தின் பெட்டியையும் எந்த நிறுவனத்தின் முக்காலியிலும் ஏற்றிவிடலாம். கம்பத்தைப் பொறுத்தவரை உலகம் ஓர் உடன்பாட்டுக்கு வந்திருக்கிறது. ஆனால், அந்தக் கம்பத்தை ஏற்றுக்கொள்கின்ற கிண்ணம் பெட்டியுடன் எவ்வாறு பொருத்தப்படுகிறது என்பதில் எந்த உடன்பாடும் இல்லை. விளிம்பு ஒன்றில் வட்டம், இன்னொன்றில் சதுரம். திருகாணித் துளைகளுக்கிடையிலான தூரம் ஒவ்வொரு வகைக்கும் வேறு. ஆழமும் வேறு. சில மலிவான பெட்டிகளில் கிண்ணம் தனி உறுப்பே அல்ல. முழுக்கூட்டுடன் சேர்த்தே வார்க்கப்பட்டுவிடுகிறது. அது உடைந்தால் கூடே போயிற்று.

குழாய் ஒலிபெருக்கிகளைப் பனைமரத்திலும் தென்னைமரத்திலும் கயிற்றால் கட்டிய காலத்தை என் வயதினர் மறந்திருக்க மாட்டார்கள். அந்தக் குழாயின் பின்புறத்தில் 'யூனிற்' என்று அழைக்கப்படும் உருண்டையான பகுதி மரைமூலம் திருகப்பட்டிருக்கும். உலகின் பெரும்பாலான யூனிற்களின் மரை அளவும் அதே 1 3/8 அங்குலம்தான் என்று அறிந்தபோது வேடிக்கையாக இருந்தது. எரிந்துபோன யூனிற்றைக் கழற்றி வேறொன்றைத் திருகிவிட்டு, அரை மணிநேரத்தில் மறுபடியும் பக்திப் பாடலைப் போட்டுவிடுவார்கள். குழாய் நசுங்கினால் தட்டி நிமிர்த்துவார்கள். அந்தச் சாதனத்தில் ஒரு பகுதி பழுதானால் அந்தப் பகுதிதான் பழுது.

அலைச்சல் கதைக்கு வருகிறேன். உடைந்த கிண்ணத்தைக் கடதாசியில் சுற்றிக் கைப்பையில் வைத்துக்கொண்டு கொழும்புக்கு வந்தேன். அந்த ஒலிபெருக்கியை இறக்குமதி செய்து விற்பனை செய்த நிறுவனத்தில் ஓர் இளைஞர் மிகவும் மரியாதையுடன் கணினியில் தேடிப் பார்த்தார். கிண்ணம் தனியான உதிரிப்பாகமாகப் பட்டியலில் இல்லை என்றார். வெளிக்கூடு முழுவதையும் தருவிக்கலாம்; மூன்று மாதங்கள் செல்லும்; முற்பணம் செலுத்த வேண்டும்; வந்து சேரும் என்பதற்கு உத்தரவாதம் இல்லை. அவர் சொன்ன விலை புதிய ஒலிபெருக்கி ஒன்றின் விலையில் பாதியைத் தாண்டியது. "ஐயா, புதுசு ஒன்று எடுப்பது இலாபம்" என்று ஆலோசனையும் கூறினார். நான்கு திருகாணிகளால் பூட்டப்படுகின்ற ஒரு துண்டைத் தயாரித்தவர்கள், அதனைத் தனியாக விற்க வேண்டும் என்று நினைக்கவில்லை. அந்த இளைஞரைக் குறை கூறி என்ன பயன்?

அடுத்து புறக்கோட்டை முதலாம் குறுக்குத்தெரு. அங்கு கிடைக்காத மின்சாதனம் இலங்கையில் கிடைக்காது என்பார்கள். ஒரு கடையில் நானா ஒருவர் 'ஸ்பீக்கர் கப்' என்று சொன்னதுமே மூன்று வகைகளை எடுத்து மேசையில் வைத்தார். மூன்றும் இரும்பு, மூன்றும் 35 மில்லிமீற்றர். ஆனால், எமது பெட்டியின் துளைகளுடன் ஒன்றுமே பொருந்தவில்லை. பலகைப் பெட்டியாக இருந்தால் புதிய துளைகளைப் போட்டுப் பூட்டிவிடலாம், பிளாஸ்ரிக்கில் அது நில்லாது என்றார். மூன்றில் ஆழமானது உள்ளே இருக்கும் அம்பிளிபயர் தட்டில் போய் முட்டும் என்றும் அவரே எச்சரித்தார். விற்றுவிட்டால் போதும் என்று நினைக்காத அந்த வியாபாரியை இங்கு குறிப்பிடாமல் விடுவது முறையல்ல.

பசை போட்டு ஒட்டினால் என்ன என்று கேட்டவர்கள் பலர். நானும் ஒட்டிப் பார்த்தேன். அடுத்த நாள் காலையில் இரண்டு துண்டுகளும் கையோடு வந்தன. கிண்ணத்தின் அடியில் சிறிய எழுத்துக்களில் 'பிபி' என்று பொறிக்கப்பட்டிருப்பதைப் பின்னர்தான் கவனித்தேன். பொலிபுரொப்பிலீன் என்ற வகைப் பிளாஸ்ரிக் அது. சாதாரணப் பசைகள் அதில் பிடிப்பதில்லை. ஒட்டியது போலத் தோற்றமளித்து, பாரத்தை ஏற்றியதும் விட்டுவிடும். சிறுவர்களின் தலைக்கு மேலே நிற்கப்போகும் ஒரு பொருளுக்கு இதைவிட ஆபத்தான திருத்தம் வேறு இருக்க முடியாது. வாசகர்கள் தயவுசெய்து இதனை மனதில் கொள்ள வேண்டும்.

கடைசியாகப் பஞ்சிகாவத்தைக்குப் போனேன். வாகன உதிரிப்பாகங்களுக்குப் பெயர்போன அந்த வீதியில் ஒலிபெருக்கிக் கிண்ணம் தேடுவது அபத்தம் என்று எனக்குத் தெரியாமல் இல்லை. ஆனால், ஒன்றை இன்னொன்றாக மாற்றிப் பொருத்துகின்ற மூளைகள் அங்குதான் இருக்கின்றன. வயதான சிங்களக் கடைக்காரர் ஒருவர் துண்டை வாங்கிப் புரட்டிப் பார்த்தார். இது வாங்குகிற சாமான் அல்ல, லேத்தில் கடைகிற சாமான் என்றார். எந்த ஊர் என்று விசாரித்தார். சொன்னதும் சிரித்துவிட்டு, மண்ணெண்ணெயில் மோட்டார் சைக்கிள் ஓட்டிய ஊரில் இருந்துகொண்டு இதற்காகவா கொழும்புக்கு வந்தீர்கள் என்று கேட்டார்.

எனக்கு வெட்கமாகப் போய்விட்டது. அவர் சொன்னது வெறும் முகஸ்துதி அல்ல. 1990 களில் பொருளாதாரத் தடையின் கீழ் வாழ்ந்த வடபகுதி மக்கள், பெற்றோலில் சில துளிகளை விட்டு இயந்திரத்தைக் கிளப்பி மண்ணெண்ணெயில் ஓட்டினார்கள். பற்றரிகள் தடை செய்யப்பட்டிருந்ததால் சைக்கிள் டைனமோவைச் சுற்றி வானொலிச் செய்தி கேட்டார்கள். ஜாம் போத்தலுக்குள் சிறிதளவு எண்ணெயும் பஞ்சும் வைத்துச் சிக்கன விளக்கு எரித்துப் பிள்ளைகளைப் படிக்க வைத்தார்கள். அச்சுத்தாள் இல்லாதபோது பயிற்சிக் கொப்பித் தாளிலும் பத்திரிகை வெளியாயிற்று. எமது தொழிலைச் சேர்ந்தவர்களுக்கு அது பெருமையான நினைவு. அந்தத் தடையை நான் மெச்சவில்லை. அது ஒரு கொடுமை. ஆனால், அந்தக் கொடுமைக்குள் வளர்ந்த கைத்திறன் தடை நீங்கிய சில வருடங்களிலேயே எங்கே போயிற்று என்ற கேள்வியை நாம் எம்மிடம் கேட்டுக்கொண்டதில்லை. இறக்குமதிகள் 2020 ஆம் ஆண்டு கட்டுப்படுத்தப்பட்டு, 2022 ஆம் ஆண்டு டொலரின் விலை ஏறத்தாழ 200 ரூபாவிலிருந்து சில மாதங்களில் 360 ரூபாவைத் தாண்டியபோது நாடு முழுவதுமே உதிரிப்பாகங்களுக்காக அலைந்தது. கட்டுப்பாடுகள் படிப்படியாகத் தளர்த்தப்பட்டதும் அந்தப் பாடமும் மறந்துபோயிற்று.

நெல்லியடியில், வாசிகசாலையிலிருந்து சில மைல் தூரத்தில், அந்த லேத் பட்டறை இருந்தது. அறுபது வயதைத் தாண்டிய உரிமையாளர் முதலில் கிண்ணத்தைப் பார்க்கவில்லை. கம்பத்தைக் கொண்டுவரச் சொன்னார். முக்காலியின் மேல் கம்பம் எப்போதோ வளைந்துவிட்டதால் அதற்குப் பதிலாக யாரோ ஓர் அங்குல ஜீஐ குழாயை வெட்டிச் செருகியிருந்தார்கள். அவர் அளவுகோலை வைத்துப் பார்த்துவிட்டு, "ஐயா, கப் உடைஞ்சது பிறகு. பிழை இங்கைதான் துவங்கினது" என்றார். ஓர் அங்குலக் குழாய் என்பது பெயருக்குத்தான். அதன் வெளிவிட்டம் ஏறக்குறைய 33.7 மில்லிமீற்றர். 35 மில்லிமீற்றருக்கு அமைந்த கிண்ணத்துக்குள் அது ஆடும். ஆட்டத்தை மறைக்க ஒட்டுநாடாவைச் சுற்றியிருந்தார்கள். ஒவ்வொரு ஆட்டத்திலும் குழாய் ஒரு நெம்புகோலைப் போலக் கிண்ணத்தின் விளிம்பை நெம்பியிருக்கிறது. ஒரு மில்லிமீற்றர் சொச்சம் இடைவெளிதான் அந்தப் பெட்டியைச் சிறுவர்கள் இருந்த இடத்தில் தள்ளியது. கொழும்பில் நான்கு நாட்கள் அலைந்த எனக்கோ, புதிதாக அனுப்பத் தயாராக இருந்தவர்களுக்கோ இது தெரியவில்லை. புதிய பெட்டி வந்திருந்தால் அதையும் அதே குழாயில்தான் ஏற்றியிருப்போம்.

அலுமினிய உருளை ஒன்றைக் கடைந்து, உடைந்த துண்டின் துளைகளுக்கு நேராகத் துளையிட்டுப் புதிய கிண்ணம் செய்தார். குழாயின் மேல்முனைக்கு 35 மில்லிமீற்றரில் நைலோன் உறை ஒன்றையும் செய்தார். பெட்டியின் உள்ளே திருகாணிகள் மறுபடியும் பிளாஸ்ரிக்கைப் பிய்க்காதபடி ஒரு தகட்டை வைத்துப் பூட்டினார். இரண்டு நாட்கள், 6,500 ரூபா. கூலியில் ஒரு சதமும் குறைக்கவில்லை, குறைக்கவும் கூடாது. பட்டறையில் உதவியாளர் எவரையும் காணவில்லை. மகன் பிரான்ஸில் இருக்கிறாராம். பழக வந்த இரண்டு பொடியன்களும் ஆறு மாதத்தில் போய்விட்டார்களாம்.

ஐரோப்பாவில் இருக்கும் வாசகர்கள் திருத்தும் உரிமை பற்றி அறிந்திருப்பார்கள். பிரான்ஸில் 2021 ஆம் ஆண்டு முதல் சில சாதனங்களின் மீது, அவற்றை எவ்வளவு இலகுவாகத் திருத்தலாம் என்பதற்கான புள்ளி ஒட்டப்பட்டது. ஐரோப்பிய ஒன்றியம் 2024 ஜூனில் நிறைவேற்றிய பணிப்புரையை உறுப்பு நாடுகள் 2026 ஜூலை 31 முதல் நடைமுறைப்படுத்த வேண்டும் என்று விதிக்கப்பட்டது. சலவை இயந்திரமும் குளிர்சாதனப் பெட்டியும் கைத்தொலைபேசியும் அதன் பட்டியலில் உண்டு; ஒலிபெருக்கி இல்லை. இலங்கையில் நுகர்வோரைப் பாதுகாப்பதற்கு 2003 ஆம் ஆண்டின் 9 ஆம் இலக்கச் சட்டம் இருக்கிறது. விற்கும் பொருளின் உடையக்கூடிய உறுப்புக்களைத் தனியாகவும் விற்க வேண்டும் என்று இறக்குமதியாளர்களைப் பணிக்க எமது அதிகாரிகள் முன்வர வேண்டும். எந்த உறுப்பு உடையும் என்பது தயாரித்தவர்களுக்கு நன்றாகத் தெரியும்.

அதுவரை, ஊருக்குப் பொருட்களை அனுப்புகின்ற உறவுகளிடம் ஒரு வேண்டுகோள். ஒலிபெருக்கி வாங்கும்போது பெட்டியைக் கவிழ்த்துப் பாருங்கள். கிண்ணம் திருகாணியால் பூட்டப்பட்டிருக்கிறதா, வார்க்கப்பட்டிருக்கிறதா என்று கவனியுங்கள். பூட்டப்பட்டிருந்தால் மேலதிகமாக ஒன்றை அங்கேயே கேட்டு வாங்குங்கள். தாங்கியையும் சேர்த்தே அனுப்புங்கள். பழுதாகிவிட்டது என்று ஊரிலிருந்து தொலைபேசி வந்தால், புதியது அனுப்புகிறோம் என்று சொல்வதற்கு முன்னர் லேத்காரரிடம் காட்டினீர்களா என்று ஒரு வார்த்தை கேளுங்கள். அந்தப் பணத்தில் ஒரு பகுதி அவரிடம் போனால், பழக வரும் பொடியனுக்குச் சம்பளம் கொடுக்க அவருக்கு முடியக்கூடும்.

உடைந்த துண்டு கையில் இருக்கும்போதே இன்னொரு கிண்ணத்தையும் செய்துவிடச் சொல்லியிருந்தேன். இடது பக்கத்துப் பெட்டியும் அதே வயதுதானே. அது இப்போது வாசிகசாலை அலுமாரியில், கணக்குப் புத்தகத்துக்குப் பக்கத்தில் இருக்கிறது. பொருட்பதிவேட்டில் இதனை என்னவென்று எழுதுவது என்று செயலாளர் கேட்டார். 'ஸ்பீக்கர் கப் – 1' என்று எழுதச் சொன்னேன்.